மங்கல் வேறு, மென்மை வேறு

"பழைய லென்ஸ் தரும் மென்மையைக் கைபேசிச் செயலியிலேயே மங்கலாக்கிப் பெறலாம்" என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. அந்த ஒரு வரியை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை.

என்னிடம் இருப்பது வோலன்சாக் வெரிட்டோ என்ற பழைய மென்மை லென்ஸ். 4x5 அங்குல ஃபிலிம் தாள் போடும் பெரிய கேமராவில் மாட்டியிருக்கிறேன். இந்த லென்ஸில் நடுவில் நுழையும் ஒளியும் ஓரத்தில் நுழையும் ஒளியும் ஒரே இடத்தில் குவியாது. அதனால் கூர்மையான உருவம் அப்படியே இருக்க, அதன்மேல் ஓர் ஒளிப்படலம் படர்கிறது. சிங்கப்பூர்த் தேக்காவில் வாங்கிய மல்லிகைச் சரத்தோடு பெரியம்மாவை எங்கள் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டு நடைபாதையில் உட்கார வைத்து எடுத்தேன். இமைமுடியை எண்ணிவிடலாம். ஆனால் பூவின் வெண்மை கறுத்த கூந்தலுக்குள் கசிந்து மினுங்குகிறது. மங்கலாக்கினால் இமையும் சேர்ந்தல்லவா போய்விடும்?

புதிதாகக் கற்பவர்களுக்கு ஒன்று. லென்ஸில் ஒளி நுழையும் துளையை முழுதாகத் திறந்து குவியம் (ஃபோகஸ்) பார்த்துவிட்டு, பிறகு சுருக்கி எடுக்காதீர்கள். துளை மாறினால் குவியமும் நகரும். இது புரிவதற்குள் ஆறு ஃபிலிம் தாள்களை வீணாக்கினேன், விலையை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது. எந்தத் துளையில் எடுப்பீர்களோ அதிலேயே பாருங்கள். துளையின் அளவைச் சொல்லும் எஃப் எண் கூடினால் துளை சிறிதாகும். எஃப்4-இல் படலம் அடர்த்தி. எஃப்8-க்கு வந்தால் பெரும்பாலும் மறைந்துவிடும். எனக்குப் பிடித்தது எஃப்5.6. மேகமூட்டத்தில் எடுத்தால் படம் சோகையாக வரும்; பக்கவாட்டு வெயில் நல்லது.

நம்மூர் ஈரப்பதத்தில் லென்ஸில் பூஞ்சை சீக்கிரம் பிடிக்கும். ஈரம் நீக்கும் பெட்டியை முதலில் வாங்குங்கள், லென்ஸை அப்புறம் வாங்கலாம்.