18 வயது ஆனால்தான் யுடிஐடி அட்டையா?

வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தி இது: "குழந்தைகளுக்கு மாற்றுத்திறனாளி அட்டை கிடையாது, 18 முடிந்த பிறகுதான். இப்போதே வேண்டுமென்றால் பணம் கட்டுங்கள், வாங்கித் தருகிறோம்."

இரண்டுமே பொய். யுடிஐடி அட்டைக்கு, அதாவது மாற்றுத்திறனாளிகளுக்கு அரசு தரும் தனித்துவ அடையாள அட்டைக்கு, குறைந்தபட்சம் 18 வயது என்று எந்த விதியும் இல்லை. பிள்ளைக்காகப் பெற்றோரே விண்ணப்பிக்கலாம். கட்டணமும் கிடையாது.

அப்புறம் இந்த 18 எங்கிருந்து வந்தது? பிள்ளை வளர வளர நிலை மாறலாம் என்பதால், சிறு வயதில் தரும் மாற்றுத்திறனாளி சான்றுக்குப் பல நேரம் காலக்கெடு இருக்கும். கற்றல் குறைபாட்டுக்கு மத்திய அரசின் 2018ஆம் ஆண்டு வழிகாட்டுதலில் முதல் சான்று 8 வயது முதல், மறுபரிசோதனை 14இலும் 18இலும் என்று இருந்தது. கடைசி எண்ணை மட்டும் யாரோ பிடித்துக்கொண்டார்கள் போல.

இதை நம்பிக் காத்திருந்தால் இழப்பு பெரிது. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடுள்ள பிள்ளைக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை. 18 வரை காத்திருங்கள் என்பது, சாப்பாட்டு நேரம் முடிந்ததும் இலை போடுவது மாதிரி.

சரி, என்ன செய்வது? யுடிஐடி அட்டைக்கான அரசின் ஸ்வாவலம்பன் இணையதளத்தில் விண்ணப்பித்துவிட்டு, மருத்துவப் பரிசோதனைக்குப் பிள்ளையை அழைத்துச் செல்லுங்கள். தமிழ்நாட்டில் சந்தேகம் இருந்தால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள். சான்று கைக்கு வந்ததும் அது எந்தத் தேதி வரை செல்லும் என்று முதலில் பாருங்கள். பலர் கோட்டைவிடுவது அங்கேதான்.