யாளியை விட்டுவிட்டு வாய்க்காலைப் பிடித்தார்கள்

கும்பகோணத்தில் ஞாயிற்றுக்கிழமை நாலு பேர் உட்கார்ந்து டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (ஒருவர் கதையை நடத்த, மற்றவர்கள் அதில் பாத்திரங்களாகிப் பகடை உருட்டும் ஆட்டம்) ஆடுவதற்குள் உயிர் போகிறது. ஆட்டத்தில் இல்லை, பேச்சில்.

சோழர் காலத்து டெல்டா மாதிரி ஒரு கற்பனை நாட்டை எழுதி, வரைபடமும் போட்டுக் கொண்டுபோனேன். கொள்ளிடக் கரையில் பறக்கும் யாளி வருகிறது. அதற்கு ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. “சித்திரையில் வாய்க்காலில் ஏது தண்ணீர்? மேட்டூர் ஜூன் 12 தானே திறப்பார்கள்?” என்கிறார் ஓர் அண்ணன். மேட்டூர் அணையே 1934-இல் வந்தது அண்ணே! “அணை இல்லாவிட்டாலும் ஆடியில்தானே வெள்ளம்?” சரி, ஆடி என்றே வைத்துக்கொள்ளுங்கள் என்றால், அடுத்தது சேறு. விதிப்படி சேற்றில் ஓரடி போனால் இரண்டடி கணக்கு. “டெல்டாக்காரனுக்குச் சேறு ஒரு தடையா?” என்று டீ ஆறும்வரை சண்டை.

அப்புறம் இருபது முகப் பகடையில் 20 விழுந்ததாம், மதகு தானாகத் திறக்க வேண்டுமாம். விதிப்புத்தகத்தின் ஐந்தாம் பதிப்பில், 20 விழுந்தாலே வெற்றி என்ற சலுகை தாக்குதலுக்குத்தான், இந்த மாதிரி வேலைகளுக்கு இல்லை. புத்தகத்தை விரித்துக் காட்டினால், “எங்க செட்டில் அப்படித்தான்” என்கிறான் தம்பி.

அடுத்த வாரம் ஆளுக்கொரு சொந்த நாடு எழுதிக்கொண்டு வருகிறார்களாம். அப்போ ஆடுவது யார்?