பொரியும் பயோடேட்டாவும்

ஆயுத பூஜை வந்தால் எங்கள் ஆபீஸில் இரண்டு விஷயங்கள் நிச்சயம். ஒன்று, ஓடாத பழைய பிரிண்டருக்கும் சந்தனம் குங்குமம் வைப்பார்கள். இன்னொன்று, பொரிப் பொட்டலம் கொண்டு வருகிறவர் என் மேஜை முன்னால் வந்ததும் ஒரு நொடி தயங்கி நிற்பார். கொடுக்கலாமா, வேண்டாமா?

நான் கிறிஸ்தவன். இருபது வருடம் கையைக் காட்டி மறுத்தவன். "இல்ல சார், நாங்க சாப்பிடுறதில்ல." அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது. சாட்சியாக நிற்கிறோம் என்ற நினைப்பு. இரண்டு வருடத்துக்கு முன் எங்கள் ஆபீஸில் டீ போடுகிற அக்கா ஒரு சின்ன எவர்சில்வர் டப்பாவைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார். "சார், இது பூஜைக்கு முன்னாடியே எடுத்து வச்சது. சாமிக்குக் காட்டல. நீங்க சாப்பிடலாம்."

கொண்டைக்கடலைச் சுண்டல். மேலே மாங்காய்த் துருவல். வீட்டிலிருந்து கொண்டுவந்த டப்பா அது. மூடியில் அவர் மகன் பெயர் பொறித்திருந்தது. என் மனச்சாட்சி மேல் அந்த அக்காவுக்கு இருந்த அக்கறையில் பாதிகூட எனக்கு அவர் மேல் இருந்ததில்லை. சாப்பிட்டேன். உப்பு கொஞ்சம் தூக்கல், ஆனால் நல்ல சுண்டல்.

அன்று இரவு பைபிளில் 1 கொரிந்தியர் 8, 10 அதிகாரங்களைத் திரும்ப எடுத்துப் படித்தேன். கடையில் விற்பதை விசாரிக்காமல் வாங்கிச் சாப்பிடு, விருந்துக்குக் கூப்பிட்டால் முன்னால் வைத்ததைச் சாப்பிடு, ஆனால் 'இது படைத்தது' என்று ஒருவர் சொன்னால் அவருக்காக விட்டுவிடு என்கிறார் பவுல். சாப்பாட்டைவிட எதிரே இருக்கிற ஆளைத்தான் அவர் அதிகம் பார்க்கிறார். அதே அதிகாரத்தில் கர்த்தருடைய பந்தியிலும் மற்ற பந்தியிலும் ஒருசேர உட்கார முடியாது என்றும் கறாராகச் சொல்கிறார். ஆகவே படைத்ததைத் தொடாத விசுவாசியை நான் கேலி செய்யவில்லை. இன்றைக்கும் நான் படைத்ததைச் சாப்பிடுவதில்லை. என் சண்டை வேறு இடத்தில்.

போன மாதம் சபையில் ஒரு சகோதரர் தன் மகனின் பயோடேட்டாவை வாட்ஸ்அப்பில் அனுப்பினார். பொரிப் பொட்டலத்தைக் கையால்கூடத் தொடாதவர் அவர். பிடிஎஃப் ஃபைல். மேலே ஒரு வசனம், ஓரத்தில் புறா. பி.இ., நல்ல கம்பெனி. 'இரட்சிக்கப்பட்டவர், ஞானஸ்நானம் பெற்றவர், வாலிபர் ஊழியத்தில் ஈடுபாடு.' கீழே எதிர்பார்ப்பு: 'ஜெபிக்கிற பெண். சொந்த இனத்தில் மட்டும்.'

கவனியுங்கள், சாதி என்று எழுதவில்லை. இனம். அந்தச் சொல்லைப் போட்டால் வசனத்தின் கீழே வைக்க உறுத்தாது போலிருக்கிறது.

நகை விஷயம் இதைவிட அழகு. எங்கள் சபையில் நகை அணிவதில்லை, கம்மல்கூடக் கிடையாது. வெளியே இருந்து பார்த்தால் எளிமை. பெண் வீட்டாரோடு பேசி முடிக்கிற இடத்தில் பாருங்கள்: "நாங்க நகை போடுறவங்க இல்ல பிரதர், அதுக்குரியதைப் பணமா செஞ்சிடுங்க." இதை நான் என் காதால் கேட்டிருக்கிறேன். பேசி முடித்ததும் எல்லோரும் கண்ணை மூடி ஜெபம் செய்தோம். நானும்தான்.

தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத் பக்கம் பிறந்து வளர்ந்தவன் நான். சின்ன வயதிலிருந்து எத்தனை வாலிபர் கூட்டங்களில் ரோமர் 12:2 கேட்டிருப்பேன்! 'இந்தப் பிரபஞ்சத்திற்கு ஒத்த வேஷந்தரியாமல்.' அப்போது வேஷம் என்றால் சினிமா, பெல்பாட்டம், முடி. அப்புறம் டிவி. இப்போது இன்ஸ்டாகிராம், ரீல்ஸ். உலகம் என்பது எப்போதும் புதிதாக, பட்டணத்திலிருந்தோ மேற்கிலிருந்தோ வருகிற ஒன்று. நம் ஊரே அந்த உலகம்தான் என்று ஒரு பிரசங்கியாரும் எனக்குச் சொன்னதில்லை. நாம் போட்டிருப்பதிலேயே ரொம்பப் பழைய வேஷம் சாதி. ரொம்ப நாளாய்ப் போட்டிருப்பதால் தோல் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

இது இன்று நேற்று வந்த பிரச்சினையும் இல்லை. 1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி இருக்கக் கூடாது, உடனே, அடியோடு விட வேண்டும் என்று கடிதம் எழுதினார். தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் கொந்தளித்தார்கள். நாம் இன்றும் உருகி உருகிப் பாடுகிற கீர்த்தனைகளை எழுதிய வேதநாயக சாஸ்திரியாரே சாதி வழக்கத்துக்கு ஆதரவாக வாதாடினார். மனசு கஷ்டமாகத்தான் இருக்கிறது. அவர் பாட்டை நான் பாடாமல் இருக்கப் போவதில்லை, அதற்காக இதை மறைக்கவும் முடியாது.

1850இல் சென்னையில் கூடிய மிஷனரிமார் ஒரு பரீட்சையே வைத்தார்கள். தாழ்ந்தவர் என்று ஊர் ஒதுக்கியவர் சமைத்ததைச் சாப்பிட்டுச் சாதியை விட்டதைக் காட்டாதவரைச் சபையில் சேர்க்கக் கூடாது என்று தீர்மானம். ஜெர்மனியிலிருந்து வந்த லைப்சிக் லுத்தரன் மிஷன்காரர்கள் மட்டும் இதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. அந்தப் பரீட்சையில் நாம் மெல்ல மெல்லத் தேறிவிட்டோம் என்றுதான் சொல்ல வேண்டும். எங்கள் ஊர் அசனத்துக்கு, அதாவது சபை விருந்துக்கு, வந்து பாருங்கள். அண்டா அண்டாவாகச் சோறு, கறிக்குழம்பு; யார் பக்கத்தில் யார் உட்கார்கிறார்கள் என்று எவரும் பார்ப்பதில்லை. பக்கத்து ஊர் இந்து ஜனங்களும் தூக்குச்சட்டியோடு வருவார்கள். பந்தியில் ஜெயித்தோம். சம்பந்தத்தில்தான், கொள்வினை கொடுப்பினை என்று வரும்போதுதான், 1833இலேயே நிற்கிறோம்.

1910இல் எடின்பரோ மிஷனரி மாநாட்டில், எங்கள் வெள்ளாளன்விளையில் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா, வெள்ளைக்கார மிஷனரிகளைப் பார்த்து, ஏழைகளுக்கு உங்கள் பொருளையெல்லாம் கொடுத்தீர்கள், எங்களுக்கு நண்பர்களையும் தாருங்கள் என்று கேட்டார். கை குலுக்குவீர்கள், சரிசமமாக உட்கார மாட்டீர்களா என்பதுதான் அவர் கேட்டதன் பொருள். நாங்கள் அதைப் பெருமையோடு ஞாயிறு பள்ளியில் சொல்லிக்கொடுக்கிறோம். அதே கேள்வியை எங்கள் சபையின் பின்வரிசையிலிருந்து ஒருவர் எங்களைப் பார்த்துக் கேட்டால் என்ன செய்வோம்?

"குடும்பப் பழக்கவழக்கம் ஒத்துப்போகணும்ல பிரதர்" என்பார்கள். சரி. அமெரிக்காவில் வளர்ந்த சொந்தச் சாதிப் பையனோடு ஒத்துப்போகிற பழக்கவழக்கம், ஞாயிறுதோறும் நமக்கு அடுத்த பெஞ்சில் உட்கார்ந்து அதே பாட்டைப் பாடுகிறவன் வீட்டோடு ஒத்துப்போகாதா?

இதையெல்லாம் எழுத எனக்கு என்ன யோக்கியதை என்று கேட்டால், இல்லை. 1998இல் என் கல்யாணம். சொந்தத்துக்குள், சொந்தச் சாதிக்குள். பெண் வீட்டில் என்ன கொடுத்தார்கள் என்று நான் விசாரிக்கவில்லை. விசாரிக்காமல் இருக்க முடிந்ததே ஒரு வசதி என்று இப்போது தெரிகிறது. இதே சபைதான் கொரோனாவில் என் அப்பா இறந்தபோது, யாரும் பக்கத்தில் வரப் பயந்த நேரத்தில், நான்கு வாலிபர்களை அனுப்பி அடக்கம் செய்து கொடுத்தது. அந்த நால்வரும் எந்தச் சாதி என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவே இல்லை. அதில் ஒருவன் என் மகளைக் கேட்டு வந்தால் தோன்றியிருக்குமா? தோன்றியிருக்கும். அதுதான் பிரச்சினை.

மகளுக்கு இப்போது 26 வயது. அவள் சம்மதத்தோடுதான் சபை மூலமாக நடக்கிற வரன் பதிவுக்கு விண்ணப்பம் வாங்கி வந்தோம். மனைவி சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து நிரப்பினாள். பெயர், படிப்பு, ஞானஸ்நானம் எடுத்த வருடம், எல்லாம். ஃபார்மில் இருந்த ஒரு கட்டத்துக்கு வந்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். நான் மகளைப் பார்த்தேன். மகள் மொபைலிலிருந்து தலையைத் தூக்காமல், "விட்டுடுங்க" என்றாள். விட்டுவிட்டோம். எதிர்பார்ப்பு என்ற இடத்தில் 'விசுவாசி' என்று மட்டும் எழுதினோம்.

நேற்றுக் காலை போன் வந்தது. பேசியவர் ரொம்ப மரியாதையாகத்தான் பேசினார்.

"பிரதர், ஃபார்ம் கிடைச்சுது, ஸ்தோத்திரம். ஒரு கட்டம் மட்டும் மறந்து விட்டுட்டீங்க போல. என்னன்னு சொன்னீங்கன்னா நானே எழுதிக்கிறேன்."