வண்டி மட்டும்தான் ஓட்டினானாம்

தண்டையார்பேட்டையில் எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி இட்லிக் கடை போட்டிருந்த அக்கா ஒருத்தர், விடியற்காலையில் மாவு வாளியோடு நடந்து வந்தபோது பைக்கில் வந்து செயினை அறுத்தார்கள். அறுந்து போயிருந்தால் பிழைத்திருப்பார். கெட்டித் தாலிச் செயின், அறவில்லை, ஆளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய்விட்டது. பிளாட்பார விளிம்பில் தலை மோதி நாலாம் நாள் இறந்துபோனார்.

பின்னால் உட்கார்ந்து இழுத்தவன் ஒருத்தன், ஓட்டினவன் ஒருத்தன். ஓட்டினவனின் அம்மா, நான் குமாஸ்தாவாக இருக்கும் வக்கீல் ஆபீஸுக்கு வந்து, "வண்டி மட்டும்தான் தம்பி ஓட்னான், அந்தம்மா மேல கையே வெக்கல" என்று அழுதார். (அந்தக் கேஸை எங்கள் ஆபீஸ் எடுக்கவில்லை, அதனால்தான் இதை எழுதுகிறேன்.) தெரு வாட்ஸ்அப் குரூப்பிலோ எல்லாரையும் தூக்கில் போடு, அதற்கு முன்னால் மாவுக்கட்டு போடு என்று ஒரே கூச்சல். நாலு நாளாக அந்த அக்கா கடை இட்லியைத் தேடிக்கொண்டிருப்பவன் நான், எனக்கும் கோபம் இருக்கிறது. ஆனால் "எல்லாரையும்" என்பதில்தான் இடிக்கிறது.

ஏனென்றால் ஸ்டேஷனில் கொலைக் கேஸில் சேர்த்தது மூணு பேரை. மூணாவது ஆள் பைக்குக்குச் சொந்தக்காரப் பையன். முந்தின நாள் ராத்திரி "மச்சான், வண்டி குடுடா, காலைல தரேன்" என்று கேட்டதற்குச் சாவியைக் கொடுத்துவிட்டுத் தூங்கப் போனவன். நம் ஏரியாவில் வண்டி கேட்டுக் கொடுக்காத பையன் எவன்?

அமெரிக்காவின் பல மாநிலங்களில் இதற்கென்றே ஒரு சட்டம் இருக்கிறது. பெரிய குற்றம் ஒன்று செய்யப் போன இடத்தில் யார் செத்தாலும், அதில் சேர்ந்த எல்லாருமே கொலைகாரர்கள். புளோரிடாவில் 2003ல் ஒருத்தன் கார் சாவியைக் கூட்டாளிகளிடம் கொடுத்தான், அவர்கள் திருடப்போன வீட்டில் ஒரு பெண் கொல்லப்பட்டாள், அந்த நேரத்தில் அவன் அந்த வீட்டுப் பக்கமே போகவில்லை. பரோல் இல்லாத ஆயுள் தண்டனை. 2015ல்தான் அதை 25 வருஷமாகக் குறைத்தார்கள்.

நம் சட்டம் அப்படி இல்லை. ஐபிசி என்ற பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 299ஆம் பிரிவில் ஒரு கோழிக் கதையே இருந்தது. ஒருத்தன் கோழியைத் திருடுவதற்காக அதைச் சுடுகிறான், புதருக்குப் பின்னால் ஆள் இருப்பது தெரியாது, குண்டு அந்த ஆள் மேல் பட்டுச் செத்துப்போகிறான். திருட வந்தவன்தான், ஆனாலும் அந்தச் சாவு அவன் செய்த கொலைக்குற்றம் ஆகாது. மெக்காலே மேல் நமக்கு ஆயிரம் கோபம் இருக்கலாம், 1837ல் தண்டனைச் சட்டத்துக்கு வரைவு எழுதும்போதே இந்த விஷயத்தில் அந்த ஆள் தெளிவாக இருந்தார். அவருடைய சொந்த ஊரான இங்கிலாந்து, குற்றம் செய்யப் போன இடத்தில் யார் செத்தாலும் கொலைதான் என்ற அந்தப் பழைய விதியை எடுத்துப்போட 1957 ஆனது! ஐபிசிக்குப் பதிலாக 2024 ஜூலையில் வந்த பிஎன்எஸ்ஸிலும் (பாரதிய நியாய சன்ஹிதா) கோழி அப்படியேதான் இருக்கிறது, பிரிவு நம்பர் மட்டும் 100.

அதற்காக நம் சட்டம் ரொம்ப இளகின மனசு என்று நினைத்துவிட வேண்டாம். அஞ்சு பேர் சேர்ந்து கொள்ளையடிக்கப் போய், அதில் ஒருத்தன் கொலை செய்தால், கத்தி யார் கையில் இருந்தது என்ற கேள்வியே இல்லை, அஞ்சு பேருக்கும் குறைந்தது 10 வருஷம், தூக்கு வரைக்கும் போகலாம். நாலே பேர் என்றால் பொது எண்ணம், அதாவது எல்லாருக்கும் அதே எண்ணம், இருந்ததா என்று பார்க்க வேண்டும். தலை எண்ணிக் கணக்குப் போடுவது எனக்கு இன்னும் சரியாகப் படவில்லை, அது வேறு சண்டை.

சரி, ஓட்டினவனுக்கு வருவோம். இவனைக் கோழித் திருடன் என்று நான் சொல்ல மாட்டேன். கையே வைக்கவில்லை என்று அம்மா சொல்வது உண்மைதான், ஆனால் அந்த அக்காவைத் தரையில் இழுத்தது பின்னால் இருந்தவன் கை பலமா? பைக்கின் வேகம், ஆக்சிலேட்டரை முறுக்கினது இவன். ஓடுகிற வண்டியிலிருந்து கழுத்தில் கிடக்கிறதை இழுத்தால் ஆள் விழும், விழுந்தால் சாகலாம் என்று தெரியாதவன் எங்கள் ஏரியாவில் வண்டி ஓட்ட மாட்டான். கொல்ல நினைத்தான் என்று யாரும் சொல்ல முடியாது, அதனால் அதைக் கொலை என்றும் நான் சொல்ல மாட்டேன். ஆனால் வெறும் பறிப்பு, மூணு வருஷத்துக்குள் முடிந்தது என்று விடவும் முடியாது. சாகலாம் என்று தெரிந்தே செய்ததற்கு பிஎன்எஸ்ஸில் 105ஆம் பிரிவு இருக்கிறது, 10 வருஷம் வரை. அதுதான் நியாயமென்று நினைக்கிறேன், அவன் அம்மாவின் முகத்தைப் பார்த்து இதைச் சொல்ல வாய் வரவில்லை. "வக்கீல் சார் கோர்ட்டுக்குப் போயிருக்கார், சாயங்காலம் வாங்கம்மா" என்று மட்டும் சொன்னேன்.

சாவி கொடுத்த பையனுக்குத் தெரிந்திருந்தது என்று காட்ட இதுவரை ஒரு துரும்பும் இல்லை. தெரிந்திருந்தால் அப்போது பேசிக்கொள்ளலாம். அடுத்த வாரம் ஜாமீன் மனு வருகிறது. அவன் அப்பா ஹார்பர் லாரியில் கிளீனர், இரண்டு ஜாமீன்தாரர் கிடைப்பார்களா என்று காசிமேடு வரைக்கும் அலைந்துகொண்டிருக்கிறார். குரூப்பில் கேட்டுப் பார்த்தார். கூச்சல் போட்ட ஒருத்தரும் பதில் போடவில்லை.