ஸ்டென்சிலை உரிக்க மறுநாள் வரை காத்திருக்காதீர்கள்

கம்ப்யூட்டர் கேஸில் ஸ்டென்சில் (வடிவம் வெட்டிய ஒட்டும் தாள்) வைத்து ஸ்ப்ரே பெயிண்டால் லோகோ போடுவதற்கு, "ஒரே கோட் கெட்டியாக அடித்து, மறுநாள் நன்றாகக் காய்ந்ததும் ஸ்டென்சிலை உரியுங்கள்" என்று ஒரு நண்பர் சொல்லியிருக்கிறார். இரண்டுமே லோகோவைக் கெடுத்துவிடும். கெட்டியாக அடித்தால் பெயிண்ட் ஸ்டென்சிலுக்கு அடியில் புகுந்து விளிம்பு பிசிறடிக்கும். மெல்லிய கோட்டாக இரண்டு மூன்று, இடையே சில நிமிடங்கள் விட்டு அடியுங்கள். கடைசிக் கோட் லேசாக ஒட்டும் பதத்தில் இருக்கும்போதே மெதுவாக உரித்துவிடுங்கள். முழுக்கக் காய்ந்துவிட்டால் விளிம்புப் பெயிண்டும் ஏடுபோல சேர்ந்து கிளம்பும்.

அப்புறம், சென்னையில் ஐப்பசி, கார்த்திகை மழை நாளில் ஸ்ப்ரே அடிக்கவே வேண்டாம். கரைப்பான் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படியும். பளபளப்பு போய் வெள்ளை பூத்துவிடலாம். கேஸின் பக்கத் தகட்டைத் தனியே கழற்றி, 400 அல்லது 600 எண் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, தூசி துடைத்த பிறகே ஸ்டென்சிலை ஒட்டுங்கள்.