புது டிஸ்க் தெரியவில்லையா? ரீபூட் வேண்டாம்

ஓடிக்கொண்டிருக்கும் லினக்ஸ் சர்வரில் டிஸ்க் சேர்த்த பிறகு அது கண்ணில் படவில்லை என்றதும், "அண்ணா, ஒரு ரீபூட் குடுத்துடவா?" என்று கேட்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. தயவுசெய்து அதை விடுங்கள். டேட்டாபேஸ் ஓடுகிற மெஷினை ஒரு டிஸ்குக்காக நிறுத்தத் தேவையே இல்லை. மாதக்கணக்கில் ஓடிய சர்வரில், எஃப்எஸ்டேபில் (எந்த டிஸ்கை எங்கே மவுன்ட் செய்வது என்று பூட்டில் படிக்கப்படும் பட்டியல், /etc/fstab) எப்போதோ யாரோ தப்பாக எழுதிய ஒரு வரி ரீபூட்டின்போதுதான் வெளியே வரும். மெஷின் எமர்ஜென்சி மோடில் போய் நிற்கும். டிஸ்க் சேர்க்கப் போன வேலை அவுட்டேஜில் முடியும்.

விஎம்வேர் விஎம்களிலும் (விர்ச்சுவல் மெஷின்கள்) எஸ்ஏஎன் லன்களிலும் (ஸ்டோரேஜ் நெட்வொர்க் வழியாக வரும் டிஸ்குகள்), டிஸ்கைச் சேர்த்தாலும் நாமாகச் சொல்லும்வரை கெர்னல் கவனிக்காமல் இருப்பது சகஜம். சொல்வதும் சுலபம். சிஸ் டைரக்டரிக்குள் கிளாஸ், அதற்குள் ஸ்கஸி_ஹோஸ்ட் (/sys/class/scsi_host). அங்கே ஹோஸ்ட்0, ஹோஸ்ட்1 என வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றிலும் ஸ்கேன் என்று ஒரு ஃபைல். ரூட்டாக இருந்துகொண்டு, எக்கோ மூலம் இடைவெளி விட்டு மூன்று கோடுகளை (- - -) அதில் எழுதினால் போதும். முதல் கோடு சேனலுக்கு, இரண்டாவது டார்கெட்டுக்கு, மூன்றாவது லன்னுக்கு. எண் போடாமல் கோடு போட்டால் 'எல்லாவற்றையும் தேடு' என்று பொருள். கெர்னல் லாகைக் காட்டும் டிமெசேஜில் (dmesg) 'அட்டாச்டு ஸ்கஸி டிஸ்க்' என்ற வரி விழும், டிஸ்குகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிளாக்கில் (lsblk) புது டிஸ்க் வந்து நிற்கும். 2.4 கெர்னல் காலத்தில் ஹோஸ்ட், சேனல், ஐடி, லன் என நான்கு எண்களையும் ப்ராக் ஃபைலில் (/proc/scsi/scsi) நாமே தட்டவேண்டியிருந்தது.

ஸ்கஸி வழியாக வராத என்விஎம்இ, விர்ட்ஐஓ பிளாக் டிஸ்குகளுக்கு இந்த வேலையே இல்லை; பிசிஐ ஹாட்பிளக் (ஓடும்போதே இணைப்பது) வழியாகத் தானாக வந்துவிடும். ஏற்கெனவே இருக்கும் டிஸ்கின் அளவைக் கூட்டியிருந்தாலும் ஹோஸ்ட் ஸ்கேன் உதவாது. அந்த டிஸ்கின் டிவைஸ் டைரக்டரியில் உள்ள ரீஸ்கேன் ஃபைலில் 1 என்று எழுத வேண்டும். ஃபைபர் சேனலில் (எஸ்ஏஎன்னுடன் இணைக்கும் ஒரு வகை) மட்டும் நிதானம் தேவை. அங்கே ஸ்கேனுக்காக இஷ்யூ_லிப் (issue_lip) என்ற ஃபைலில் எழுதினால் பஸ்ஸே ரீசெட் ஆகும், ஓடுகிற ஐஓ (படிப்பதும் எழுதுவதும்) தடுமாறலாம். மெமரி நெருக்கடியில் இருக்கும் சர்வரில் ஸ்கேனே செய்யாதீர்கள் என்று ரெட் ஹேட் ஆவணமே எச்சரிக்கிறது.

ஆனால் என் கவலை ஸ்கேன் பற்றியது அல்ல. டிஸ்க் தெரிந்த அடுத்த நொடி, 'எஸ்டிசி வந்துடுச்சு' என்று எம்கேஎஃப்எஸ் (ஃபார்மட் செய்யும் கமாண்ட்) அடிக்கப் போகும் கைகளைப் பற்றியது. எஸ்டிபி, எஸ்டிசி எல்லாம் கண்டுபிடித்த வரிசைக்கு வைத்த பெயர்கள். அடுத்த பூட்டில் மாறிப்போகலாம். அமேசான் கிளவுடான ஏடபிள்யூஎஸ்ஸின் நைட்ரோ இன்ஸ்டன்ஸில் (அதன் ஒரு வகை விஎம்) நாம் எஸ்டிஎஃப் என்று இணைத்த வால்யூம் உள்ளே என்விஎம்இ1என்1 என்று நிற்கும். மல்டிபாத் (ஒரே லன்னுக்குப் பல பாதைகள்) இருந்தால் ஒரே லன் நான்கு டிஸ்காகத் தோன்றலாம். ஒரே அளவில், 500 ஜிபியில், மூன்று டிஸ்க் இருந்தால் எதை நம்பி ஃபார்மட் செய்வீர்கள்?

ஸ்கேனுக்கு முன்பும் பின்பும் எல்எஸ்பிளாக் வெளியீட்டைச் சேமித்து டிஃப் போட்டுப் பாருங்கள். ஸ்டோரேஜ் டீம் தந்த டபிள்யூடபிள்யூஐடியோடு (WWID, டிஸ்குக்கு உரிய மாறாத அடையாளம்) எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். விஎம்வேரில் அந்த ஐடி தெரியவில்லை என்றால் டிஸ்க்.எனேபிள்யூயூஐடி செட்டிங் ட்ரூவாக இருக்கிறதா என்று பாருங்கள். வைப்எஃப்எஸ் (wipefs) கமாண்டை ஆப்ஷன் எதுவும் இல்லாமல் ஓட்டினால் எதையும் அழிக்காது, பழைய ஃபைல் சிஸ்டம் ஏதும் இருந்தால் காட்டிக்கொடுக்கும். எஃப்எஸ்டேபில் யூயூஐடி (ஃபைல் சிஸ்டத்தின் தனி அடையாளம்) மட்டும்தான், டிவைஸ் பெயர் கூடவே கூடாது. எழுதி முடித்ததும் மவுன்ட் -ஏ ஓட்டிப் பார்த்துவிட வேண்டும், அடுத்த ரீபூட் வரைக்கும் காத்திருக்கக் கூடாது.

டீம் லீட்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் டிஸ்க் சேர்க்கும் எஸ்ஓபியில் (வேலைமுறைக் குறிப்பு) 'சர்வரை ரீபூட் செய்யவும்' என்ற வரி இருந்தால் இந்த வாரமே எடுத்துவிடுங்கள். அந்த இடத்தில் டபிள்யூடபிள்யூஐடி எழுத ஒரு கட்டமும், சரிபார்த்த இரண்டாவது ஆளின் பெயருக்கு ஒரு கட்டமும் சேருங்கள்.