குறி இல்லாதது எல்லாம் பிழை அல்ல

ஆண்டின் கீழ், எந்த அக்கசாலையில் (நாணயம் அச்சிடும் ஆலையில்) அச்சிடப்பட்டது என்பதைக் காட்டும் குறி இல்லாத இந்திய நாணயங்கள் அச்சுப் பிழை என்றும் அவற்றுக்குப் பெருவிலை கிடைக்கும் என்றும் கட்டுரை ஒன்றில் எழுதியிருப்பது திருத்தப்பட வேண்டும். மும்பைக்கு வைர வடிவம், ஐதராபாத்துக்கு விண்மீன், நொய்டாவுக்குப் புள்ளி என இருக்க, கொல்கத்தா அக்கசாலை குறியே இடுவதில்லை. சென்னை சென்று திரும்பும் உறவினர்களின் பைகளில் யாழ்ப்பாணம் வந்து சேரும் நாணயக் குற்றிகளில் இத்தகையவை தாராளமாக உண்டு.

உண்மையான பிழைக்கு 1922ஆம் ஆண்டின் அமெரிக்க ஒரு சதத்தைச் சொல்லலாம். அவ்வாண்டு டென்வரில் மட்டுமே சதம் அச்சிடப்பட்டதால் எல்லாவற்றிலும் டென்வரைக் குறிக்கும் 'டி' எழுத்து இருந்திருக்க வேண்டும். சேதமடைந்த அச்சை மெருகிட்டபோது அவ்வெழுத்து அழிந்துபோக, எழுத்தற்ற சதங்கள் வெளிவந்தன. அவற்றிலும் பின்பக்கம் தெளிவாக விழுந்தவற்றையே சேகரிப்போர் பெரிதும் தேடுகின்றனர்; எழுத்து மங்கலாகத் தெரிபவற்றுக்கு அந்த மதிப்பு இல்லை.

எழுத்தைச் சுரண்டி விற்போரும் உளர். நானே ஒருமுறை ஏமாந்தேன். பத்து மடங்கு கைவில்லையைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தபோது, எழுத்து இருக்கவேண்டிய இடத்தில் மட்டும் மயிரிழைக் கீறல்களும் சிறு பள்ளமும் தெரிந்தன. சுற்றியிருந்த பழுப்பு நிறம் அங்கே இல்லை.